மலைநாட்டு ஓடையொன்றின் நீரேந்துப் பகுதிக்குப் பாதுகாப்புத் திட்டம் வகுத்தல்: முழுமையான வழிகாட்டி

தேயிலைத் தோட்டம், இயற்கைக் காட்டுத் துண்டு, பட்டனாப் புல்வெளி, மரக்கறிப் பாத்தி, லயக் குடியிருப்பு ஆகிய யாவும் ஒரே சரிவில் அடுத்தடுத்து அமைந்துள்ள இலங்கை மலைநாட்டு நிலப்பரப்புக்கு முதன்முறையாகத் திட்டம் வகுக்க முற்படும் மாணவர், பிரதேச செயலக உத்தியோகத்தர், தோட்ட இளைஞர் மன்றத்தினர் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. புதியவர்களில் அநேகர் செய்மதிப் படத்தில் இரண்டு காடுகளைக் கண்டதும் அவற்றுக்கிடையே ஒரு பச்சைக் கோட்டை வரைந்துவிட்டு, அந்தக் கோடு யாருடைய நிலத்தின் மீது செல்கிறது என்பதைப் பல மாதங்களுக்குப் பிறகே விசாரிக்கிறார்கள். இங்கே கூறப்படும் ஒழுங்கில் நீர் முதலிலும், நிலத்தின் உரித்து இரண்டாவதாகவும், உயிரினங்கள் அதற்குப் பின்னும், வரைபடக் கோடு கடைசியிலும் வருகின்றன.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேசிய பூங்காவுக்குள்ளும் இயற்கை ஒதுக்கங்களுக்குள்ளும் ஆய்வு செய்ய வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும், பேணற் காடுகளிலும் ஒதுக்கக் காடுகளிலும் ஆய்வு செய்ய வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. தோட்ட நிலத்துக்குக் கம்பனியின் எழுத்துமூலச் சம்மதமும், ட்ரோன் பறக்கவிடுவதாயின் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் இரண்டாம், மூன்றாம், நான்காம் படிகளைச் செய்து முடிக்கலாம் என்பதாலேயே இதனை முதலில் வைத்துள்ளேன்.

வரைபடங்களில் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள் கட்டாயம் தேவை. கிடைக்குமாயின் 1:10,000 தாளையும் பெற்றுக்கொள்ளவும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடமும், தோட்டக் காரியாலயத்தில் உள்ள நம்பர் (தேயிலை மலைப் பிரிவு) வரைபடமும் அவற்றோடு சேர வேண்டும். கியூஜிஸ் போன்ற இலவச வரைபட மென்பொருள், ஒரு ஜிபிஎஸ் கருவி, பத்து லீற்றர் வாளி, நிறுத்தற் கடிகாரம் ஆகியவை மிகுதித் தேவையை நிறைவு செய்யும். விலை உயர்ந்த கருவிகளைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டியதில்லை.

2. எல்லையை ஓடையைக் கொண்டு வகுத்தல்

திட்டத்தின் எல்லையாகத் தோட்ட எல்லையையோ கிராம உத்தியோகத்தர் பிரிவையோ எடுத்துக்கொள்வது இலகு. ஆனால் தோட்டத்து நீர் அந்த எல்லையில் நின்றுவிடுவதில்லை. அக்கரப்பத்தனையில் ஓர் ஓடைக்கரையில் தெளிக்கப்படும் மருந்து ஆக்ரா ஓயாவுக்கும், அதனூடாகத் தலவாக்கலையிலுள்ள மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கும் சென்று சேரும். ஆகவே ஓர் ஓடை இன்னோர் ஓடையுடன் கலக்கும் புள்ளியைத் தெரிந்தெடுத்து, அப்புள்ளிக்கு மேலே மழைநீர் வந்து சேரும் முழுப் பரப்பையும் எல்லையாகக் கொள்ள வேண்டும்.

முதல் திட்டத்துக்கு ஐந்து முதல் இருபது சதுர கிலோமீற்றர் வரையிலான பரப்பு பொருத்தமானது. அதைவிடச் சிறிதாயின் காட்டுத் துண்டுகளுக்கிடையிலான தொடர்பு புலப்படாது. பெரிதாயின் கால்நடையாகச் சரிபார்க்க முடியாது. சரிபார்க்கப்படாத வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பி ஒரு மரம்கூட நடக்கூடாது.

நீர்பிரி மேட்டினைக் கணினி தானாகவே வரைந்து தரும். ஆயினும் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவின் ஒரு கட்டம் ஏறத்தாழ முப்பது மீற்றர் என்பதால், தட்டையான மேட்டுநிலங்களிலும் பாதைகள் குறுக்கிடும் இடங்களிலும் அக்கோடு பிழையாகச் செல்லும். தோட்டப் பாதையோரக் கான் ஒரு சரிவின் நீரை அடுத்த ஓடைக்குத் திருப்பிவிடுவது மலைநாட்டில் வெகு சாதாரணம். மழை பெய்துகொண்டிருக்கும்போது மேட்டின் மீது நடந்து, கான்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதைக் கண்ணால் கண்டு திருத்த வேண்டும்.

3. நிலம் யாருடைய கையில் இருக்கிறது

இந்தப் படியைத் தவிர்ப்பதால் வீணாகும் திட்டங்களே அதிகம். ஒரே ஓடையின் இரு கரைகளில் அரச காடு, 1992க்குப் பின் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்ட நிலம், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் அல்லது மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையின் நிலம், சிறு தேயிலை உடைமை, அனுமதியின்றிச் செய்யப்படும் மரக்கறித் தோட்டம் ஆகிய எல்லாமே இருக்கக்கூடும். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று விடயங்களைத் தனித்தனியே எழுதிக்கொள்ளவும்: உரித்துடையவர் யார், முகாமை செய்பவர் யார், நாள்தோறும் பயன்படுத்துபவர் யார். குத்தகைத் தோட்டத்தில் இம்மூன்றும் மூன்று வெவ்வேறு பெயர்களாக இருக்கும். திட்டத்தில் கையெழுத்திட வேண்டியவர் ஒருவர், அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர் இன்னொருவர்.

மூன்றாவது கேள்விக்கான விடை காரியாலயத்தில் கிடைக்காது. விறகு எந்தக் காட்டுத் துண்டிலிருந்து வருகிறது, எந்தப் பீலி (ஊற்றுநீர்க் குழாய்) எந்த லயத்துக்கு, மாடு எங்கே மேய்கிறது என்பதை அங்கு வாழ்பவர்களே அறிவார்கள். அவர்களைச் சந்திக்கும் நேரத்தில் கவனம் தேவை. கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் மலையில் நின்று கேள்வி கேட்டால் அவருடைய கிலோ குறையும். கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழும். வேலை முடிந்த பின்னரோ ஞாயிற்றுக்கிழமையிலோ லயத்துக்குச் சென்று, வயதில் மூத்த அக்காமாரிடமும் ஓய்வுபெற்ற கங்காணிமாரிடமும் அமர்ந்து பேசுவதே முறை. பாதைகளையும் ஊற்றுகளையும் அவர்களைக் கொண்டே ஒரு பெரிய தாளில் வரையச் செய்தால், எந்தச் செய்மதியும் காட்டாத தகவல் கிடைக்கும்.

இதே கட்டத்தில் வீட்டுக் காணிக் கோரிக்கைகளையும் பதிவு செய்துவிட வேண்டும். தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச், பின்னர் பத்து பேர்ச் எனக் காணி வழங்கும் வீடமைப்புத் திட்டங்கள் நடைமுறையில் உள்ளமையால், வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் தரிசு நிலம் ஒரு லயத்தின் ஐம்பது குடும்பங்கள் காத்திருக்கும் நிலமாக இருக்கலாம். அதனை விசாரிக்காமல் ‘காடு மீளமைக்கும் பகுதி’ என்று நிறம் தீட்டுவது அநீதி மட்டுமன்று. அத்திட்டம் முதற் கூட்டத்திலேயே நிராகரிக்கப்படும்.

4. வரைபடங்களை ஒரே ஆள்கூற்றுக்குக் கொண்டுவருதல்

இலங்கையில் இரண்டு தேசிய ஆள்கூற்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. இரண்டுக்கும் பீதுருதாலகாலையே தோற்றப் புள்ளி. ஆனால் பழைய முறையில் அப்புள்ளியின் பெறுமானம் 200,000, 200,000 மீற்றர், 1999ஆம் ஆண்டு முறையில் 500,000, 500,000 மீற்றர். பிழையான முறையைத் தெரிவு செய்தால் தோட்டம் கிழக்கு-மேற்காகவும் வடக்கு-தெற்காகவும் 300 கிலோமீற்றர் வீதம் தள்ளிக் கடலில் விழும். அப்பிழை உடனே கண்ணில் படும் என்பதால் ஆபத்தில்லை.

ஆபத்து சிறிய விலகல்களில்தான் உள்ளது. கைப்பேசியின் ஜிபிஎஸ் தரும் ஆள்கூற்றின் அடிப்படைத் தளம் வேறு, தேசிய வரைபடத்தின் அடிப்படைத் தளம் வேறு. மாற்றம் செய்யாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஓடை பக்கத்துச் சரிவில் ஓடுவதாகத் தெரியும். பாலம், தொழிற்சாலை, கோயில் என மாறாத மூன்று இடங்களில் நேரில் அளந்து ஒப்பிட்ட பின்னரே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

வரைபடத் தூரம் கிடைத்தூரம் என்பதும் மறக்கப்படுகிறது. முப்பது பாகைச் சரிவில் வரைபடத்தின் பத்து மீற்றர், நிலத்தில் நாடா பிடிக்கும்போது ஏறத்தாழ 11.5 மீற்றர். ஓடைக்கரை ஒதுக்கத்தைச் சரிவின் மீதே பத்து மீற்றராக அளந்து முளை அடித்தால், திட்டமிட்ட அகலத்தைவிடக் குறைவான கரையே காக்கப்படும்.

5. நிலப்போர்வையைப் பிரித்தறிதல்

சென்டினல்-2 செய்மதியின் படங்கள் பத்து மீற்றர் நுணுக்கத்தில், ஐந்து நாட்களுக்கு ஒருமுறை, இலவசமாகக் கிடைக்கின்றன. மலைநாட்டில் சிக்கல் முகில்தான். மேற்குச் சரிவுகளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான படங்களையும், ஊவாப் பக்கச் சரிவுகளுக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரையிலான படங்களையும் முதலில் தேடவும். முகிலை ஊடுருவும் ராடார் படங்களைச் சிலர் நாடுகிறார்கள். ஆனால் செங்குத்தான சரிவுகளில் அவை ஒருபக்கம் சுருங்கியும் மறுபக்கம் நிழலாகவும் பதிவாவதால் புதியவர்களுக்கு அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

கணினி தரும் வகைப்படுத்தலில் நான்கு குழப்பங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சவுக்கு (கிரெவிலியா) நிழல்மரம் அடர்ந்த தேயிலை, காடாகத் தெரியும். டர்பன்டைன் (யூகலிப்டஸ்), பைனஸ் தோப்புகளும் இயற்கைக் காடாகத் தெரியும். கைவிடப்பட்ட தேயிலை, புதர்க்காட்டிலிருந்து வேறுபடாது. அண்மையில் கவ்வாத்து வெட்டிய மலை வெறும் மண்ணாகவோ காய்ந்த பட்டனாவாகவோ காட்சியளிக்கும். இதனால் ஒரே நாளின் படத்தை நம்பாமல், ஆண்டின் வெவ்வேறு காலங்களுக்குரிய படங்களை ஒப்பிட்டு, கவ்வாத்து நடந்த நம்பர்களைத் தோட்டப் பதிவேட்டிலிருந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாட்டின் பல சரிவுகள் இடிந்து விழுந்தன. அதற்கு முந்திய படங்களைக் கொண்டு தயாரித்த நிலப்போர்வை வரைபடத்தை, உரிய இடத்துக்குச் சென்று மறுபடியும் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது.

பட்டனாப் புல்வெளியைத் தனி வகையாகவே குறிக்கவும். அதனைச் ‘சீரழிந்த காடு’ என எழுதிவிட்டால், அடுத்த கட்டத்தில் யாராவது நல்லெண்ணத்தோடு அங்கே மரம் நடுவார்கள். புல்வெளிக்கே உரிய செடிகளும் பூச்சிகளும் பறவைகளும் நிழலில் அழியும்.

6. நீரை அளத்தல்

நீரளவுப் பதிவைத் திட்டத்தின் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும், ஏனெனில் கடந்துபோன வறட்காலத்தை எவராலும் திரும்ப அளக்க முடியாது. பீலிகளுக்கு வாளியும் கடிகாரமும் போதுமானவை: பத்து லீற்றர் வாளி இருபது வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு அரை லீற்றர், நாளொன்றுக்கு 43,200 லீற்றர். மூன்று தடவை அளந்து சராசரியை எழுதவும். சிறிய ஓடையில் தொண்ணூறு பாகை வெட்டுக்கொண்ட பலகைத் தடுப்பொன்றை வைக்கலாம். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர்மட்டம் பத்து சென்ரிமீற்றராக இருக்கையில் வினாடிக்கு ஏறத்தாழ 4.4 லீற்றர் ஓடுகிறது. மட்டத்தைத் தடுப்பின் விளிம்பில் அளக்காமல் சற்று மேலே, நீர் சரியத் தொடங்காத இடத்தில் அளக்க வேண்டும்.

மழையளவுக்குப் புதிய கருவி வைப்பதற்கு முன் தோட்டக் காரியாலயத்தில் கேட்கவும். பல தோட்டங்களில் நீண்டகால நாளாந்தப் பதிவுகள் உள்ளன. பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். காலையில் வாசிக்கப்படும் அளவு முந்திய இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குரியது என்பதை மறந்து, ஓடையின் அளவோடு ஒருநாள் பிசகி ஒப்பிடுவோர் பலர்.

ஏறத்தாழ 1,500 மீற்றருக்கு மேற்பட்ட காடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. மூடுபனி இலைகளிலும் பாசிகளிலும் படிந்து சொட்டுவதை வெளியில் வைத்த மழைமானி பதிவு செய்யாது. காட்டுக்குள் மரங்களின் அடியில் சில மழைமானிகளையும் வெட்டவெளியில் ஒன்றையும் வைத்து, மழையற்ற பனிநாட்களில் அவற்றை ஒப்பிட்டால், மலையுச்சிக் காட்டுத் துண்டு ஏன் ஊற்றோடு சேர்த்துக் காக்கப்பட வேண்டும் என்பதைத் தோட்ட முகாமையாளருக்கு அவருடைய சொந்த மலையின் எண்களைக் கொண்டே விளக்கலாம். பொதுவான சுற்றாடல் பேச்சைவிட இவ்வெண்கள் அதிகம் எடுபடுகின்றன.

7. உயிரினக் கணிப்பு

நீண்ட இனப்பட்டியல் தயாரிப்பது திட்டமிடலுக்கு அதிகம் உதவாது. எந்த இனத்தின் தேவை நில முகாமையை மாற்றக்கூடியதோ, அந்த இனத்தைத் தெரிவு செய்ய வேண்டும். உதாரணமாக, மலைநாட்டுப் புதர்த்தவளைகளில் பெரும்பாலானவை சூடோபிலாட்டஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றின் முட்டையிலிருந்து வாற்பேய் நிலையின்றி நேரடியாகவே சிறு தவளை வெளிவருகிறது. ஆகவே இவற்றுக்கு ஓடையைவிட ஈரமான இலைச்சருகும் காட்டு நிழலும் முக்கியம். ஓடைக்கரையை மட்டும் ஒதுக்கும் திட்டம் இவற்றைக் காக்காது. சிறுத்தையோ தேயிலை மலைகளூடாகவே நடமாடும். அதற்குக் காட்டுத் தொடர்ச்சியைவிடச் சுருக்குக் கம்பிகள் இல்லாமையே அவசரத் தேவை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் அகப்பட்டு இறந்த கருஞ்சிறுத்தை பலருக்கு நினைவிருக்கும்.

ஒரே இடத்துக்கு ஒரே தடவை சென்று ‘இல்லை’ என எழுதுவது மிகப் பரவலான பிழை. மூடுபனியில் பறவையின் குரல் எட்டாது. மழையற்ற இரவில் தவளை கத்தாது. ஒவ்வொரு கணிப்பிடத்துக்கும் பல தடவை, வெவ்வேறு வானிலையில் சென்று, காணாத நாட்களையும் பதிந்தால்தான் இல்லாமைக்கும் தென்படாமைக்கும் இடையிலான வேறுபாட்டைக் கணிக்க முடியும்.

தாவரங்களை அடையாளங்காண ஹக்கல தாவரவியற் பூங்காவில் வளர்ந்துள்ள மரங்களோடு ஒப்பிடலாம். ஐயமுள்ள மாதிரிகளைப் பேராதனையிலுள்ள தேசிய உலர் தாவரகத்தில் காட்டலாம். அந்நியப் படர்செடிகளையும் இதே நடையில் குறித்துக்கொள்ளவும். ஹோர்ட்டன் சமவெளியில் யூலெக்ஸ் முட்புதரையும், நக்கிள்ஸில் ஓஸ்ட்ரோயூபட்டோரியத்தையும் அகற்றுவது எத்துணை கடினம் என்பதை அங்கு பணிபுரிவோர் அறிவார்கள். சிறு திட்டாக இருக்கும்போதே இடத்தைக் குறிப்பதன் காரணம் அதுவே.

8. மண்சரிவு அடுக்கைச் சேர்த்தல்

அபாய வரைபடத்தை இறுதியில் பின்னிணைப்பாக வைக்காமல் இந்தக் கட்டத்திலேயே மற்ற அடுக்குகளின் மேல் வைக்க வேண்டும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதன் பின்னர், எந்தத் தோட்டத்திலும் மக்கள் முதலில் கேட்பது தங்கள் லயத்துக்கு மேலுள்ள சரிவைப் பற்றித்தான். அதற்கு விடையளிக்காத திட்டத்துக்கு அவர்கள் நேரம் ஒதுக்கமாட்டார்கள். ஒதுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று.

நடக்கும்போது நிலவெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகத் தோன்றிய ஊற்று, கலங்கிய பீலி நீர், அடைபட்ட கான் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளவும். இவற்றைக் கண்டால் திட்டம் முடியும்வரை காத்திராமல் அன்றைக்கே கிராம உத்தியோகத்தருக்கும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் அறிவிக்க வேண்டும்.

9. இடங்களை முன்னுரிமைப்படுத்தல்

இப்போதுதான் கோடு வரையும் வேளை வருகிறது. ஊற்றுகளும் ஓடைத் தலைப்புகளும் முதலிடம் பெற வேண்டும். அடுத்து, ஏற்கெனவே நிற்கும் இயற்கைக் காட்டுத் துண்டுகள், அவை எவ்வளவு சிறியவையாயினும். பின்னர் அவற்றை இணைக்கும் ஓடைக்கரைகளும், தேயிலைக்கு உதவாத பாறைச் சரிவுகளும். புதிதாக மரம் நடும் நிலம் கடைசி. இருப்பதைக் காப்பது புதிதாக உருவாக்குவதைவிடச் செலவு குறைந்தது. ஆயினும் நன்கொடையாளர்கள் மரநடுகைப் படத்தையே விரும்புவதால் இவ்வரிசை அடிக்கடி தலைகீழாகிறது.

ஒவ்வொரு இடத்துக்கும் எதிராக அங்கு நிலவும் வேறு கோரிக்கையையும் எழுதவும்: வீட்டுக் காணி, விறகு, மேய்ச்சல், மரக்கறி. விறகு வரும் காட்டைப் பூட்டுவதாயின், லயத்திலிருந்து நடக்கக்கூடிய தூரத்தில் விறகுத் தோப்பொன்றையும் அதே வரைபடத்தில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதே கத்தி அடுத்த காட்டுத் துண்டுக்குப் போகும்.

10. நிலத்தில் செய்யும் பணிகளின் ஒழுங்கு

ஓடைக்கரையில் முதலில் பயிர்ச்செய்கையையும் மருந்து தெளிப்பையும் நிறுத்தி, களைகளை அகற்றி, ஒரு பருவம் முழுவதும் பொறுத்துப் பார்க்கவும். காடு அருகில் இருந்தால் பறவைகள் கொண்டுவரும் விதைகளிலிருந்தே கன்றுகள் எழும். எழாத இடங்களில் மட்டும் நடவும். சிசிஜியம், கீன போன்ற மரங்களின் விதைகள் உலர்ந்தால் முளைக்கும் திறனை இழப்பதால், சேகரித்தவுடன் நாற்றுமேடைக்குச் செல்ல வேண்டும். சாக்கில் கட்டிக் களஞ்சியத்தில் வைத்த விதைகள் முளைக்கவில்லை எனப் பிறகு மண்ணைக் குறைகூறிப் பயனில்லை.

டர்பன்டைன், பைனஸ் தோப்புகளை ஒரேயடியாக வெட்டக் கூடாது. வெட்டிய மரத்தின் வேர் சில ஆண்டுகளில் உக்கி, மண்ணைப் பிடிக்கும் வலுவை இழக்கிறது. புதிய மரத்தின் வேர் அதற்குள் ஆழம் சென்றிருக்காது. சரிவு இடிவது இந்த இடைவெளியில்தான். சிங்கராஜக் காட்டு எல்லையோரப் பைனஸ் தோப்புகளில் சில வரிசைகளை மட்டும் நீக்கி, இடைவெளியில் உள்ளூர் மரங்களை வளர்த்த முறை பயனளித்துள்ளது. அது தாழ்நில ஈரவலயம் என்பதால் மர இனங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வரிசை வரிசையாக நீக்கும் ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம். வெட்டுவதற்குரிய அனுமதியை முன்கூட்டியே பெறவும்.

சுருக்குக் கம்பிகள் பெரும்பாலும் மரக்கறிப் பாத்திகளின் ஓரத்தில் காட்டுப்பன்றிக்கு வைக்கப்படுபவை. பயிரைக் காக்கும் வேலிக்கு வழி செய்யாமல் கம்பியை மட்டும் கழற்றினால், மறுவாரம் அது திரும்ப வரும்.

11. கண்காணிப்பும் திட்டத்தை எழுதிவைத்தலும்

அதே பீலியை அதே மாதத்தில் அளத்தல், கல்லால் அடையாளமிட்ட இடத்தில் நின்று அதே திசையில் ஒளிப்படம் எடுத்தல், அதே கணிப்பிடங்களில் உயிரினங்களைப் பதிதல் ஆகிய மூன்றும் போதும். இதைவிட விரிவான கண்காணிப்பைத் திட்டமிடுபவர்கள் இரண்டாம் ஆண்டில் கைவிடுகிறார்கள். அளக்கும் பொறுப்பை அங்கேயே வாழும் ஒருவருக்கு ஊதியத்தோடு கொடுக்க வேண்டும். ஊதியமற்ற தொண்டாக எதிர்பார்த்தால், கொழுந்து கூடும் மாதங்களில் பதிவேடு வெறுமையாக இருக்கும்.

திட்ட ஆவணத்தில் ஒவ்வொரு பணிக்கும் நேரே பொறுப்பானவரின் பதவியை எழுதவும், ஆளின் பெயரை எழுத வேண்டாம், ஏனெனில் முகாமையாளர்களும் உத்தியோகத்தர்களும் இடமாற்றம் பெறுவார்கள். இடப்பெயர்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் ஆள்கூற்றோடு சேர்த்துக் குறிக்க வேண்டும். ஒரே ஓடைக்கு லயத்தில் ஒரு பெயரும் நில அளவைத் தாளில் இன்னொரு பெயரும் இருப்பது வழக்கம். பிரதிகளைத் தோட்டக் காரியாலயம், கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வட்டாரக் காரியாலயம் ஆகிய இடங்களில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கவும். ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுப் பிரட்டுக் களத்திலும் (காலையில் வேலை பிரிக்கும் இடம்) வாசிகசாலையிலும் ஒட்டிவைத்து, முதல் வறட்காலத்துக்குப் பின் நீரளவுப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பதாம் படியின் முன்னுரிமை வரிசையை மீண்டும் பார்க்க வேண்டும்.